விதைநெல்லும் உண்டியலும்: பிள்ளைகளுக்குப் பணத்தைப் படத்தில் காட்டுவோம்

விவசாயக் குடும்பத்துக்குக் காசு மாதாமாதம் வருவதில்லை. பெரும்போக அறுவடையோடு வரும். அடுத்த விதைப்புக்கு முன் கரைந்துவிடும். இடம்பெயர்ந்தவர்களுக்கோ அதுவும் நிச்சயமில்லை. பிள்ளை எதையாவது கேட்டால் "காசில்லை" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். ஏன் இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது.

இதை விளக்கப் படப்புத்தகம் நல்ல சாதனம். இந்திய ரிசர்வ் வங்கியும் ராஜு என்ற பாத்திரத்தை வைத்துச் சிறுவர்களுக்குப் படக்கதைகள் வெளியிட்டிருக்கிறது. வாகரைப் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை வயலும் கச்சான் தோட்டமும் கடலுமே. ஆகவே நமது புத்தகத்தை நாமே செய்யலாம். பழைய அப்பியாசக் கொப்பியின் ஐந்து தாள்கள் போதும். பிள்ளையே படம் வரையட்டும்.

1. அறுவடை நெல்லில் ஒரு மூடை விதைக்காக ஒதுக்கப்படுகிறது.
2. விற்ற காசு சாப்பாடு, அடுத்த விதைப்பு, சேமிப்பு என மூன்று பேணிகளில் விழுகிறது.
3. கடையில் இனிப்பும் பென்சிலும் இருக்கின்றன. காசு ஒன்றுக்குத்தான் போதும்.
4. மழை பொய்க்கிறது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல்.
5. கடன் வாங்குகிறார்கள். வாங்கிய குவியல் சிறியது; வட்டியோடு கொடுக்கும் குவியல் பெரியது.

ஒவ்வொரு பக்கத்திலும் நிறுத்திக் கேளுங்கள்: "விதைநெல்லைச் சமைத்துவிட்டால் எதை விதைப்பது?" "எந்தப் பேணியில் எடுக்கலாம்?" விடையைப் பிள்ளையே சொல்லட்டும். பிறகு சில்லறைக் காசு கொடுத்துத் தானே தெரிவுசெய்ய விடுங்கள். இனிப்பை வாங்கினாலும் ஏசாதீர்கள்.

ஐந்தாம் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியை 2018 இல் அரசாங்கம் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. அந்தச் சுமையை நமது வீடுகள் அறியும்.

2004 ஆழிப்பேரலையிலும் 2006, 2007 இடப்பெயர்வுகளிலும் வீட்டில் வைத்த காசைக் காப்பாற்ற வழியிருக்கவில்லை. ஆகவே உண்டியல் நிறைந்ததும் பிள்ளையின் பெயரில் வங்கியில் இடுங்கள். 1972 இல் தொடங்கிய தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு. கணக்கு இலக்கத்தை வேறோர் இடத்திலும் எழுதி வையுங்கள்.

ஒன்றை மறக்கவேண்டாம். பிள்ளையின் சாப்பாட்டையும் கொப்பியையும் குறைத்துச் சேமிப்பது சேமிப்பல்ல. வீட்டில் காசில்லாதது பிள்ளையின் குற்றமும் அல்ல. இதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.