விடியட்டும் என்று காத்திருக்கலாமா?

இரவு பத்து மணி. பள்ளியிலிருந்து திரும்பியது முதல் வயிற்றுவலி என்று முனகிக்கொண்டிருந்த சிறுவன், இப்பொழுது வாந்தியும் எடுத்துவிட்டான். தொப்புளைச் சுற்றியிருந்த வலி, வலப்பக்க அடிவயிற்றில் வந்து நிலைத்துவிட்டது. பாட்டி விளக்கெண்ணெயைத் தேடுகிறார். தந்தை, "விடியட்டும், பார்க்கலாம்" என்கிறார். தாய் மட்டும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக் கலங்கி நிற்கிறாள். நம் இல்லங்களில் நாம் காணாத காட்சியா இது?

பெருங்குடலின் தொடக்கத்தில் சிறுவிரல் போல் அமைந்திருப்பது குடல்வால். அதன் துளை அடைபடும்போது அது வீங்கிச் சீழ்பிடிக்கிறது. வெடிப்பதற்கு முன் அதனை அகற்றிவிட்டால், பெரும்பாலோர் சில நாள்களில் வீடு திரும்புகின்றனர். வெடித்துவிட்டாலோ, குடலிலுள்ள கிருமிகள் வயிற்றறைக்குள் பரவுகின்றன. அதன்பின் தையலிட்ட இடத்தில் சீழ், வயிற்றுக்குள் சீழ்க்கட்டி, குடல் இயக்கம் நின்றுபோதல், குருதியில் நச்சேறுதல் எனத் தொல்லைகள் அடுக்கடுக்காய்த் தொடரக்கூடும். இவ்வேளையில் கொடுக்கும் பேதி மருந்து, குடல்வால் வெடிப்பதை விரைவுபடுத்தும் என்பதை நாம் மறத்தலாகாது.

அரச மாளிகையையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஜூன் 26 அன்று நடைபெறுவதாக இருந்தது. விருந்தினர் வந்து கூடிவிட்டனர். மன்னருக்கோ கடும் வயிற்றுவலி. ஜூன் 24 அன்று, பக்கிங்காம் அரண்மனையிலேயே, பிரடரிக் டிரீவ்ஸ் என்னும் அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றினார். விழா தள்ளிவைக்கப்பட்டது, மன்னர் பிழைத்தார், ஆகஸ்ட் 9 அன்று முடிசூடினார். இதே டிரீவ்ஸ், இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1900இல், தம் சொந்த மகளை இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். அறுவைக் கலையில் வல்லவரின் வீட்டிலும் இந்நோய் உயிரைப் பறித்தது என்றால், நாம் எத்துணை விழிப்பாயிருக்க வேண்டும்!

நாள் குறித்துச் செய்யும் அறுவையைவிட அவசர அறுவையில் ஆபத்து மிகுதி. காரணம் எளிது. நாள் குறித்துச் செய்யும்போது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தலாம், இரத்தசோகையைச் சரிசெய்யலாம், வெறும் வயிற்றோடு நோயாளியை மேசைக்குக் கொண்டுவரலாம். அவசரத்தில் இவற்றிற்கு நேரமில்லை. வயிற்றில் உணவிருந்தால், மயக்க நிலையில் அது மேலெழுந்து மூச்சுக்குழலில் இறங்கிவிடவும் கூடும்.

மருத்துவமனையின் பங்கும் பெரிது. 2008இல் உலக நலவாழ்வு அமைப்பு, அறுவைக் கூடத்திற்கென 19 குறிப்புகள் கொண்ட சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. மயக்க மருந்து கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி கூடத்தைவிட்டு வெளியேறுமுன் என மூன்று வேளைகளில் குழுவினர் அதனை உரக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இவர் யார், எந்த இடத்தில் அறுவை, எந்த மருந்து ஒவ்வாது, பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கையில் சரியாக உள்ளனவா என்பன போன்ற எளிய வினாக்களே அவை. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களிலுள்ள மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளிவந்தது. இறப்பு நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் நூற்றுக்கு 11 என்பதிலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. ஆயினும் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் இத்தகைய பயன் தென்படவில்லை. தாளில் குறியிடுவது மட்டும் உயிர் காக்காது; உள்ளன்போடு கடைப்பிடிப்பதே காக்கும் என்று நாம் கருதுகிறோம்.

இனி, குடும்பத்தார் செய்யத்தக்கவை. வயிற்றுவலி தணியாமல் கூடினாலோ, வாந்தி, சுரம், வயிறு கல்போல் இறுகுதல் ஆகியவை சேர்ந்தாலோ, இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். மருத்துவர் பார்க்கும் வரை உணவு கொடுக்காதீர்கள். கடைசியாக உண்ட நேரம், உட்கொள்ளும் மருந்துகள், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். அறுவை முடிந்தபின், மருத்துவர் அனுமதித்ததும் நோயாளியை எழுப்பி நடக்கச் செய்யுங்கள். "அசையாதே, தையல் பிரிந்துவிடும்" என்று அன்போடு தடுப்பது, காலில் இரத்தம் உறைவதற்கும் நெஞ்சில் சளி கட்டுவதற்கும் இடங்கொடுக்கும். பார்க்கச் செல்வோர் கைகளைக் கழுவிக்கொண்டு செல்வது, ஆரஞ்சுப் பழங்களைவிட மேலான அன்பளிப்பு. வீடு திரும்பியபின் சுரமோ, புண்ணில் சிவப்போ, சீழோ கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வலி எதுவாயினும் அது வீண் அச்சமாகவே முடியலாம். பரிசோதித்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று மருத்துவர் திருப்பி அனுப்பினால், அந்த அலைச்சலுக்காக ஒருவரும் வருந்தப் போவதில்லை. விடியட்டும் என்று காத்திருந்து இழந்த பொழுதையோ எவராலும் மீட்டுத் தர இயலாது.