எந்த ரீலுக்கு எந்த தூண்டில் நரம்பு? வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஆரணியில் பட்டுச்சேலை நெய்பவரிடம் "எந்த நூல் நல்ல நூல்?" என்று கேட்டால், "பாவுக்கா, ஊடைக்கா?" என்று திருப்பிக் கேட்பார். தூண்டில் நரம்பும் அப்படித்தான். "ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கினால், ரீலில் சிக்கி காசும் போகும், மாட்டிய மீனும் போகும்.

பட்டுக்கும் தூண்டிலுக்கும் என்ன தொடர்பு?

நைலான் வருவதற்கு முன்பு, பின்னிய பட்டு நூலிலும் தூண்டில் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் காய வைக்காவிட்டால் அது இற்றுப்போகும். 1938-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் நைலானை அறிவித்தது. அதன் பிறகு பட்டின் இடத்தை நைலான் பிடித்தது.

இப்போது கிடைக்கும் 3 வகைகள்

* நைலான் (மோனோ): விலை குறைவு, முடிச்சு போடுவது சுலபம். நன்றாக இழுபடும் என்பதால் மீன் திடீரென இழுத்தாலும் தாங்கும்.
* ஃப்ளோரோகார்பன்: தண்ணீருக்குள் அவ்வளவாகத் தெரியாது, மூழ்கும். கொஞ்சம் விறைப்பானது.
* பிரெய்டு: பல இழைகளைப் பின்னியது. மெல்லியதாக இருந்தாலும் பலம் அதிகம். ஆனால் கிட்டத்தட்ட இழுபடாது.

எந்த ரீலுக்கு எது?

ஸ்பின்னிங் ரீல்: புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் வாங்குவது இதைத்தான். நரம்பு சுருள் சுருளாக வெளியே வருவதால் மெல்லிய, வளைந்து கொடுக்கும் நரம்பு தேவை. 6 முதல் 10 பவுண்டு நைலான் போதும். தடித்த நரம்பைச் சுற்றினால் சுருண்டு எழும்பி சிக்கலாகும், தூரமும் போகாது. பிரெய்டும் இதற்கு நன்றாகப் பொருந்தும்.

பெய்ட்காஸ்டிங் ரீல்: இதில் ஸ்பூலே சுழலும். 12 முதல் 20 பவுண்டு நைலான் அல்லது ஃப்ளோரோகார்பன் சரியாக இருக்கும். புல், தாமரைக் கொடி நடுவே விரால் பிடிக்க தடித்த பிரெய்டு. மெல்லிய பிரெய்டு போட்டால் இழுவையில் அடிச்சுற்றுக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும்.

மூடி போட்ட ஸ்பின்காஸ்ட் ரீல்: 6 முதல் 10 பவுண்டு நைலான் போதும்.

அட்டையில் எதைப் பார்க்கணும்?

பட்டு நூலுக்கு டெனியர் கணக்கு உண்டு. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். நரம்பு அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும்: தடிமன் (மி.மீ.), தாங்கும் பலம் (பவுண்டு). 10 பவுண்டு என்றால் சுமார் 4.5 கிலோ. முடிச்சு போட்டால் இந்தப் பலம் குறையும். ரீலின் ஸ்பூலிலும் எத்தனை மி.மீ. நரம்பு எத்தனை மீட்டர் பிடிக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்க.

சுற்றும்போது கவனிக்க

* ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழே நிறுத்துங்கள். வழிய வழியச் சுற்றினால் கொத்தாக அவிழும்.
* வெறும் ஸ்பூலில் பிரெய்டு வழுக்கும். அடியில் சில சுற்று நைலான் சுற்றிவிட்டு, அதோடு முடிச்சு போட்டுத் தொடருங்கள்.
* டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள். முழுசா இறுக்கினால் பெரிய மீன் அறுத்துக்கொண்டு ஓடிவிடும்.
* சிக்கிய பிரெய்டை வெறும் கையால் இழுக்காதீர்கள்; கத்தி மாதிரி வெட்டும்.

அறுந்த நரம்பைக் கரையில் போடாதீங்க. பட்டு மாதிரி நைலான் சீக்கிரம் மக்காது. கொக்கு, நாரையின் காலில் சுற்றிக்கொள்ளும். ஏரி, அணைகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கலாம். அதனால் அனுமதி கேட்டுவிட்டு தூண்டில் போடுங்கள்.