லயத்து பல்பு மங்கும் நேரம்

சப்ரகமுவ தேயிலையில் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்குக் கீழே விளைவது. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துப் புழுக்கத்தில் கொழுந்து தானாக வாடாது. தொட்டிகளில் பரப்பி, இரவெல்லாம் ஃபேன் ஓட்டவேண்டும். அந்த ஃபேன்கள் கிளம்பும்போது, அதே டிரான்ஸ்போமரில் தொழிலாளர் லயமும் தொங்கினால், குண்டு பல்பு ஒருகணம் சிவந்து மங்கும். மின்னழுத்தம் 10 சதவீதம் இறங்கினாலே அதன் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும்.

ஓடும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் அழுத்தத்தை உண்டாக்கி, வரும் மின்சாரத்தைத் தடுத்துக்கொள்கிறது. நின்ற மோட்டாரில் அந்தத் தடை இல்லை. 7.5 கிலோவாட் ஃபேன் ஓடும்போது சுமார் 15 அம்பியர் எடுக்கும். கிளம்பும்போது 90 வரை இழுக்கும். ஒரே குழாயில் கீழ்வீட்டுக்காரர் திறந்தால் மேல்வீட்டில் தண்ணீர் நூலாய் ஒழுகுமே, கம்பியிலும் அதே கதைதான். கம்பி நீள நீள, வீழ்ச்சியும் கூடும்.

பத்து ஃபேன்களை ஒரே நேரத்தில் போட்டால் 900 அம்பியர். ஒன்று வேகம் பிடித்தபின் அடுத்தது என்று போட்டால், கடைசி ஃபேன் கிளம்பும்போதுகூட 225தான். செலவில்லாத வைத்தியம்! அந்தக் காலத்துத் தேயிலை ஸ்டோர்களில் ஒரே எஞ்சினோ தண்ணீர் டர்பைனோ நீண்ட தண்டைச் சுழற்ற, மெஷின்களை பெல்ட்டால் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். மெஷினுக்கொரு மோட்டார் வந்தபின் அந்த நிதானம் போய்விட்டது. இன்று அதைச் சின்ன டைமர்களால் திருப்பிக் கொண்டுவரலாம். கரண்ட் போய்த் திரும்பி, எல்லா ஃபேனும் ஒன்றாகக் கிளம்பப் பார்க்கும்போதுதான் அவற்றின் அருமை தெரியும்.

ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர் இன்னொரு வழி. முதலில் சுருளுக்கு 400 வோல்ட்டுக்குப் பதில் 230 மட்டும் கொடுப்பதால், 90 அம்பியர் 30 ஆகிறது. ஆனால் சுழற்றும் விசையும் மூன்றில் ஒன்றாகிவிடும். ஃபேனுக்கு அது போதும். தொடக்கத்தில் காற்றின் எதிர்ப்பு சொற்பம். இலை நிறைந்து நின்றுபோன ரோலரோ முனகிக்கொண்டு நிற்கும், அசையாது.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அதாவது இன்வெர்ட்டர் டிரைவ், விலை கூடியதுதான். ஆனால் அது மின்னோட்டத்தை எகிற விடாமல் மோட்டாரை மெல்லக் கிளப்புவதோடு நிற்பதில்லை. கொழுந்து பாதி வாடியபின் ஃபேன் வேகத்தை ஐந்தில் நாலாகக் குறைத்தால், அது தின்னும் மின்சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும்.