பழைய ஜப்பானிய டீசல் வண்டிகளும் நம் சங்கத்தின் தேவையும்

நெல்லும் நூலும் வேறு வேறு பொருள்கள். ஆயினும் அவ்விரண்டையும் உரிய நாளில் உரிய இடத்திற்குக் கொண்டுசேர்க்க வேண்டிய கவலை ஒன்றே. அறுவடைக் காலத்தில் வாடகை வண்டி கிடைக்காமல் களத்துமேட்டில் மூட்டைகள் நனைவதையும், பாவு நூல் வந்து சேராமையால் தறிகள் இரண்டு மூன்று நாள் வாளாவிருப்பதையும் அங்கத்தினர்கள் அனைவரும் அறிவர். இக்காரணம் பற்றியே, சங்கத்திற்கெனப் பழைய வண்டி ஒன்றை வாங்கலாகாதா என்னும் கேள்வி அடிக்கடி எழுகிறது. எழும்போதெல்லாம் யாரேனும் ஒருவர், “ஜப்பான் எஞ்சின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்” என்று சொல்லுவதும் வழக்கமாகிவிட்டது. அக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு, எவ்வளவு மிகை உண்டு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பங்குப் பணம் பலருடையது. ஆதலின் கண்ணைத் திறந்துகொண்டே வாங்குவோமாக.

ஜப்பானிய வண்டிகளின் புகழ் நமக்குப் பெரும்பாலும் கடலுக்கு அப்பாலிருந்து வந்ததாகும். இலங்கையில், ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய வண்டிகளைத் தருவித்து விற்பது நெடுங்கால வாணிகம். இரு நாடுகளிலும் சாலையின் இடப்புறமே செல்லும் வழக்கம் இருப்பதால் ஸ்டியரிங்கை மாற்ற வேண்டிய வேலையும் இல்லை. டொயோட்டா ஹையேஸ் வேனின் ஒரு வகைக்கு அங்கே ‘டொல்பின்’ என்று செல்லப்பெயரே உண்டு. 2020-ல் அந்நாட்டு அரசாங்கம் வண்டி இறக்குமதியை நிறுத்தியபின், தடை தளர்ந்த 2025 வரையில் பழைய வண்டிகளே அங்கே பெருஞ் செல்வமாகி, வாங்கிய விலையினும் கூடுதலான விலைக்கு விற்றன. யாழ்ப்பாணத்தில் உறவினர் உள்ளவர்கள் சொல்லும் கதைகள் இவ்வண்டிகளைப் பற்றியவையே. நம் நாட்டிலோ உபயோகித்த வண்டிகளின் இறக்குமதி கடும் நிபந்தனைகளாலும் உயர்ந்த தீர்வையாலும் ஏறக்குறைய அடைபட்டே இருக்கிறது. ஆகவே காரைக்காலில் ‘பழைய ஜப்பான் வண்டி’ என்று விலைக்கு வருவது, ஜப்பானில் ஓடிய வண்டியன்று. ஜப்பானிய அமைப்பில் இந்தியாவில் செய்த வண்டியே என்பதை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

அவ்வண்டிகள் வந்த வரலாறு சுவையானது. 1980-களின் தொடக்கத்தில், இலகு ரக லாரிகள் செய்வதற்காக நான்கு இந்தியத் தொழிலகங்கள் ஜப்பானியக் கம்பெனிகளுடன் கூட்டுச் சேர மத்திய அரசாங்கம் இசைவு அளித்தது. உத்தரப் பிரதேசத்தில் டி.சி.எம். டொயோட்டா, பஞ்சாபில் சுவராஜ் மாஜ்டா, மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் மிட்சுபிஷியின் துணைகொண்டு ஐஷர், அன்றைய ஆந்திரத்து ஜஹீராபாத்தில் ஆல்வின் நிஸ்ஸான் ஆகியவை அந்நான்கு. 1985, 1986 வாக்கில் இவற்றின் வண்டிகள் சாலைக்கு வந்தன. அக்காலத்து லாரிகளுக்குப் பழகிய டிரைவர்களுக்கு, இலேசான ஸ்டியரிங்கும் உடனே உயிர்பெறும் எஞ்சினும் வியப்பாக இருந்தன.

ஆனால் எஞ்சினின் உறுதி வேறு, வியாபாரத்தின் உறுதி வேறு. தொடக்கத்தில் பாகங்களிற் பெரும்பகுதி ஜப்பானிலிருந்தே வரவேண்டியிருந்தது. 1985 செப்டம்பரில் வல்லரசுகள் நியூயார்க்கில் கூடிச் செய்த நாணய உடன்பாட்டிற்குப் பின் யென்னின் மதிப்பு விரைந்து ஏறியது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 240 யென் என்றிருந்தது ஓராண்டுக்குள் 160-க்கும் கீழே வந்துவிட்டது. பாகங்களின் விலை அந்த அளவுக்கு உயர்ந்தது. இதே வேளையில், 1986-ல், டாட்டா நிறுவனத்தார் வெளிநாட்டுக் கூட்டு ஏதுமின்றி 407 என்னும் லாரியைக் கொண்டுவந்தனர். அதன் உதிரிப் பாகம் எந்தச் சிற்றூரிலும் கிடைத்தது. எந்த மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்டினார். சந்தையில் அதுவே முந்தியது. டொயோட்டாவின் கூட்டு 1990-களில் கொரியாவின் டேவூ கைக்கு மாறி, லாரித் தொழில் மறைந்தது. ஆல்வின் நிஸ்ஸான் மகிந்திராவிடம் சேர்ந்தது. சுவராஜ் மாஜ்டா 2011-ல் எஸ்.எம்.எல். இசுஸு என்று பெயர் மாறியது. 2025-ல் அதன் பெரும்பங்கையும் மகிந்திராவே பெற்றது. ஐஷர் ஒன்றே தன் பெயரோடு நிலைத்தது. பழைய டொயோட்டா லாரியின் எஞ்சின் ஐஷரின் எஞ்சினுக்குக் குறைந்ததன்று, எனினும் இன்று முன்னதற்கு ஒரு பிஸ்டன் தேடுவது பெரும்பாடு, பின்னதற்கு அப்படியன்று. பழைய வண்டியின் நம்பகத்தன்மையில் பாதி, பட்டறைக்கு அருகேயுள்ள உதிரிப் பாகக் கடையில் இருக்கிறது என்பேன்.

வேன் வகையில் நாம் அதிகம் காண்பது டொயோட்டா குவாலிஸ். 2000-த்தில் வெளிவந்து 2005-ல் நிறுத்தப்பட்ட இவ்வண்டி, கர்நாடகத்துப் பிடதியில் செய்யப்பட்டது. இதன் 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் சுமார் 75 குதிரைச் சக்தி மட்டுமே தருவது. உலகின் பல நாடுகளில் அதே குடும்பத்து எஞ்சின் பிக்கப் வண்டிகளிலும் வேன்களிலும் ஓடியிருக்கிறது. வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் யாத்திரிகர்களை ஏற்றிச் சென்ற வாடகை வண்டிகளில் இதைக் கண்டிராதவர் இரார்.

இனி, இவ்வெஞ்சின்கள் ஏன் நெடுங்காலம் உழைக்கின்றன என்பதைப் பார்ப்போம். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை ஏறத்தாழ 20 மடங்கு நெருக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. குவாலிஸ் போன்ற பழைய எஞ்சினில் எண்ணெய் நேரே பிஸ்டனின் தலையில் தெளிக்கப்படுவதில்லை. பக்கத்தே உள்ள சிறு அறையில் தெளிக்கப்பட்டு, அங்கே பற்றி, பின்னர் சிலிண்டருக்குள் விரிகிறது. இதனால் எண்ணெய்ச் செலவு சற்றுக் கூடினாலும் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் அதிர்ச்சி குறைகிறது. எண்ணெயைத் தள்ளும் பம்ப் முழுதும் இரும்பும் சுருள்வில்லும் கொண்டது. மின்னணுச் சாதனம் இல்லை. அதன் நாஸில் திறக்கத் தேவையான அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் நூறு, நூற்றைம்பது மடங்கு அளவே. இன்றைய காமன்ரெயில் எஞ்சினிலோ அது 1,500 மடங்குக்கும் மேற்படும். அத்தகைய அழுத்தத்தில் மயிரிழையினும் நுண்ணிய தூசும் நாஸிலைக் கெடுத்துவிடும். பழைய எஞ்சின் ஓரளவு அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும். கனத்த வார்ப்பிரும்பு உடல், அளவைக் கருதக் குறைந்த சக்தி, மிதமான வேகம் ஆகியவை சேர்ந்து அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தன. மெதுவாக நடக்கும் மாடு நெடுந்தூரம் போகும் என்பது உழவருக்குத் தெரியாததன்று. ஆப்பிரிக்காவில் சாடு நாட்டினர் 1987-ல் லிபியாவின் டாங்குகளை எதிர்த்துப் பாலைவனத்தில் பிக்கப் வண்டிகளைக்கொண்டே வென்றமையால், அப்போருக்கே ‘டொயோட்டா போர்’ என்று பெயர் வழங்கலாயிற்று.

எனினும் இவ்வெஞ்சின்களுக்குப் பொறுக்க முடியாத ஒன்று உண்டு. அது மிதமிஞ்சிய சூடு. சில ஆண்டுகளுக்கு முன் சேலைக் கட்டுகளுடன் கும்பகோணத்திற்கு ஒரு பழைய வேனில் சென்றேன். அம்பகரத்தூர் தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. டிரைவர் அதைப் பார்த்தும், “பேரளத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம் ஐயா, ஜப்பான் எஞ்சின் தாங்கும்” என்றார். பேரளம் வருமுன்னே வண்டி நின்றது. பிரித்துப் பார்த்தபோது ஹெட் கேஸ்கட் எரிந்து, சிலிண்டர் ஹெட்டிலும் வெடிப்புக் கண்டிருந்தது. காரணத்தைத் தேடினால், கடலோரத்து வீட்டுக் கிணற்றின் உவர்நீரையே பல மாதங்களாக ரேடியேட்டரில் ஊற்றி வந்திருக்கிறார். உப்புப் படிந்து குழாய்களிற் பாதி அடைபட்டிருந்தன. ஒரு டப்பா கூலண்டும் சில லிட்டர் காய்ச்சி வடித்த நீரும் வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். சேலைக் கட்டுகள் வேறு வண்டிக்கு மாறி, வியாபாரி கடையடைத்த பின்னரே போய்ச் சேர்ந்தன. அந்தத் தவணையில் நெசவாளர்களுக்குக் கூலி ஒரு வாரம் தாமதப்பட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

குவாலிஸ் வகை எஞ்சினில் டைமிங் பெல்ட் என்னும் ரப்பர் வார் ஒன்றும் உண்டு. 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்றவேண்டும். அறுந்தால் வால்வுகள் வளையும். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரைத் திருப்பிவைக்கும் கயவர் உள்ள உலகில், பெல்ட் மாற்றிய ரசீது இல்லையெனில் மாற்றவில்லை என்றே கொள்க. லாரிகளில் பெரும்பாலும் பற்சக்கரமே இருப்பதால் இக்கவலை இல்லை.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், நம் ஊரில் பழைய வண்டியைக் கொல்லுவது எஞ்சின் அன்று; உப்புக் காற்றே. காரைக்கால், திருமலைராயன்பட்டினம் பகுதிகளில் வீட்டுச் சன்னல் கம்பி படும் பாட்டை நாம் அறிவோம். வண்டியின் சேசிஸ் என்னும் அடிச்சட்டமும் அதே இரும்புதான். இதில் ஜப்பானியர் புகழும் காப்பாற்றாது. அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் 1995 முதல் 2000 வரையிலான டகோமா பிக்கப் வண்டிகளின் அடிச்சட்டம் துருப்பிடித்துத் துளைபட்டமையால், 2008-ல் பல வண்டிகளைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது. அங்கே பனியைக் கரைக்கச் சாலையில் தூவிய உப்பு. இங்கே கடல் தரும் உப்பு. ஆகவே வண்டியைப் பார்க்கப் போகிறவர் பளபளக்கும் பெயிண்டில் மயங்காமல், ஒரு சிறு சுத்தியலோடு கீழே படுத்துப் பார்க்கவேண்டும். பின்பட்டை மாட்டியிருக்கும் இடம், சட்டத்தின் உட்புறம், பிரேக் எண்ணெய்க் குழாய்கள் ஆகிய இம்மூன்றையும் விட்டுவிடலாகாது. தட்டினால் ‘டண்’ என்று ஒலிக்கவேண்டும். ‘பொத்’ என்று ஒலித்தால் புதிதாய் அடித்த தார்ப்பூச்சின் உள்ளே துரு இருக்கிறது. கீவளூர், நாகூர்ப் பக்கம் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் இருக்கைக்கடியில் சேறு தேடி அறியலாம்.

எஞ்சினைப் பரீட்சிக்கக் காலையில், அது குளிர்ந்திருக்கும்போதே போகவேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுக. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் சிறிது ஆவி வருவது இயல்பு. புகைபோக்கி போல் குபுகுபுவென வந்தால் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகைக்குக் காற்றுச் சல்லடை அடைபட்டது மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். களத்துத் தூசும் பதரும் பறக்கும் நம் பகுதியில் அது அரிதன்று. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நில்லாவிடில் வேறு வண்டி பார்ப்பதே மேல்.

டீசலைப் பற்றியும் ஒரு சொல். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்பனையாகும் பாரத் ஆறாம் நிலை டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருத்தலாகாது. கந்தகம் நீக்கும்போது எண்ணெயின் வழுவழுப்பும் குறையும். அதனை ஈடுசெய்ய மசகுப் பொருள் சேர்த்தே விற்கின்றனர். எனவே பழைய பம்ப் இதனால் உடனே கெட்டுவிடும் என்னும் அச்சம் வேண்டா. நாட்பட்ட ரப்பர் வளையங்கள் கசியலாம். அவற்றை மாற்றுவது சிறு செலவு. மண்ணெண்ணெய் கலப்பதுதான் பம்புக்கு உண்மையான பகை. மழைக்காலத்தில் டீசல் பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திச் சேர்ந்த நீரை வாரம் ஒருமுறை வடித்துவிடவேண்டும். இது இரண்டு நிமிட வேலை; செய்பவர் சிலரே.

கடைசியாகக் காகிதங்கள். நமது பகுதி நாற்புறமும் தமிழ்நாட்டு மாவட்டங்களாலும் கடலாலும் சூழப்பட்டது. அரை மணி நேரம் ஓடினால் வேறு மாநிலம். ஆர்.சி. புத்தகம், வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் நெல் மூட்டையோடு சாலையில் நிற்க நேரும். வாடகை ஓட்டத்திற்குப் பதிவான வண்டிகள் எட்டாண்டு கடந்தபின் ஆண்டுதோறும் எப்.சி. பெறவேண்டும். பதினைந்து ஆண்டு கடந்தவற்றுக்கு அதன் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து பன்மடங்கு உயர்ந்திருக்கிறது. 2005-ல் நின்றுபோன குவாலிஸ் அனைத்தும் இந்த வயதைக் கடந்தவையே. வண்டியின் விலையைக் கேட்டு மகிழுமுன், எப்.சி. கட்டணம், அதற்கு முன் பட்டறையில் ஆகும் டிங்கரிங் கூலி, ஆண்டுக்கொருமுறை வண்டி நிற்கும் நாட்கள் ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்கவேண்டும்.

என் அபிப்பிராயம் கேட்பின், பாகம் எளிதிற் கிடைக்கும் பழைய ஐஷர் லாரி ஒன்று, அடிச்சட்டம் கெட்டியாக உள்நாட்டு மாவட்டம் ஒன்றில் ஓடியதாய்க் கிடைத்தால், அதைப் பார்க்கலாம். கடலோரத்தில் இருபதாண்டு ஓடிய வேன், எவ்வளவு மலிவாயினும், பொதுப் பணத்திற்கு ஏற்றதன்று. வண்டி பார்க்கச் செல்லும் குழுவில் நிர்வாகிகள் மட்டுமின்றி, டீசல் பம்ப் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவரும், அவ்வண்டியை நாளை ஓட்டப்போகும் டிரைவரும் இருத்தல் வேண்டும். அவ்விருவருக்கும் அன்றைய கூலியைச் சங்கமே கொடுத்து அழைத்துச் செல்லலாம்.