ஊட்டி, குன்னூர்ல பழைய வீடு இருக்கா? கடன் வாங்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

நீங்க கோயம்புத்தூர்லயோ பெங்களூர்லயோ வேலை பாக்கறீங்க. அப்பா அம்மா ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய வீட்டுல இருக்காங்க. குளிர்காலம் வந்தா கரண்ட் பில் எகிறுது, கோடை வந்தா தண்ணி லாரிக்குக் காசு போகுது. "மொத்தமா ரெனோவேட் பண்ணிடலாம், பெர்சனல் லோன் எடுத்துக்கலாம்"னு ஒரு யோசனை ஓடும். கொஞ்சம் நில்லுங்க. எதை முதல்ல செய்யணும்ங்கற வரிசை தெரிஞ்சா பாதி காசு மிச்சம்.

மலை வீட்டுக் கணக்கே வேற

சமவெளியில கரண்ட் மிச்சம்னா ஏசி, ஃபேன் பத்திதான் பேச்சு. ஊட்டியில ஃபேனே தேவையில்லை. இங்க காசை முழுங்கறது ரெண்டே விஷயம்: வெந்நீர், ரூம் ஹீட்டர்.

1822-ல ஜான் சல்லிவன் ஊட்டியில கல் பங்களா கட்ட ஆரம்பிச்ச காலத்துல இருந்து, இங்க பழைய வீடுன்னா உயரமான கூரை, தகரம் இல்லேன்னா ஓடு, பெரிய ஜன்னல், கூடத்துல கணப்பு. விறகு தாராளமா எரிச்ச காலத்து டிசைன் அது. இன்னைக்கு அதே ரூமை கரண்ட்ல சூடாக்கறோம்.

ஒரு குளிர்கால பில்

நாலு பேர் இருக்கற வீடு, ரெண்டு மாச பில்னு வெச்சுக்கோங்க.

• குளியல்: ஆளுக்கு ஒரு 20 லிட்டர் பக்கெட். 15 டிகிரி தண்ணியை 40 டிகிரிக்குக் கொண்டுவர பக்கெட்டுக்கு 0.58 யூனிட். 60 நாளைக்கு சுமார் 140 யூனிட்.
• ரூம் ஹீட்டர்: 2,000 வாட், தினம் 3 மணி நேரம். 360 யூனிட்.
• ஃப்ரிட்ஜ், லைட், டிவி எல்லாம் சேர்த்து 120 யூனிட்.

மொத்தம் 620. இங்கதான் விஷயமே இருக்கு. தமிழ்நாட்டுல வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனா 500-ஐத் தாண்டிட்டா, 101–200 யூனிட்டுக்குக் கிடைச்ச குறைஞ்ச ரேட் போயிடும். 501-வது யூனிட்ல இருந்து 8 ரூபாய்க்கு மேல.

ஹீட்டர் ஓடற நேரத்தைப் பாதியாக்கினா 180 யூனிட் குறைஞ்சு 440-க்கு வந்துடுவீங்க. யூனிட் குறைஞ்சது 29 சதவீதம்தான். பில் பாதிக்கும் கீழ போயிடும், 1,500 ரூபாய்க்கு மேல மிச்சம். நீங்க மிச்சம் பிடிக்கற யூனிட் எப்பவுமே விலை அதிகமான கடைசி யூனிட். அதை மறந்துடாதீங்க.

முதல்ல சூட்டை ரூமுக்குள்ள நிறுத்துங்க

1. கதவு, ஜன்னல் இடுக்குக்கு ரப்பர் பட்டை, கதவுக்கு அடியில பிரஷ் பட்டை, கனமான திரை. சில ஆயிரத்துல முடியற வேலை, இந்த வாரமே செய்யலாம்.

2. உபயோகம் இல்லாத கணப்போட புகைபோக்கியைக் கழட்டி மாட்டற மாதிரி ஒரு பலகையால அடைங்க. சூடான காத்து அது வழியாத்தான் போகுது.

3. அடுத்து கூரை. சீலிங் இல்லாத தகரக் கூரை, 20 சதுர மீட்டர் ரூம், வெளிய 10 டிகிரி, உள்ள 20 டிகிரி. கூரை வழியா மட்டும் ஏறக்குறைய 1,200 வாட் போயிட்டே இருக்கும். அடியில 50 மி.மீ. கிளாஸ் வூல் வெச்சு சீலிங் போட்டா அது 150 வாட் பக்கம் வந்துடும். வீடு முழுக்க வேண்டாம், அப்பா அம்மா தூங்கற ரூம்ல ஆரம்பிங்க.

ஒரு எச்சரிக்கை. இடுக்கை அடைச்ச ரூம்ல கரி அடுப்பு வைக்கவே கூடாது. கேஸ் கீசரையும் மூடின பாத்ரூம்ல வைக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே உயிரை எடுத்துடும். ஈரம் தங்காம இருக்க பகல்ல கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து விடுங்க.

வெந்நீர்

சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கறதா இருந்தா, டிசம்பர், ஜனவரியில உறைபனி விழற ஊர்ங்கறதை மனசுல வெச்சு கண்ணாடிக் குழாய் மாடலைப் பாருங்க. தட்டையான மாடல்ல தண்ணி உறைஞ்சு பைப் வெடிக்க வாய்ப்பு உண்டு. குரங்குத் தொல்லை இருந்தா குழாய்க்கு மேல கம்பி வலை கட்டாயம். மழை, மூடுபனி நாளுக்கு கரண்ட் கீசர் தேவைப்படும், அதனால பழைய கீசரைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

கூரையில சோலார் பேனல் போட்டா பிஎம் சூர்ய கர் திட்டத்துல 2 கிலோவாட் வரைக்கும் கிலோவாட்டுக்கு 30,000, அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் இருக்கு. ஆனா மூடுபனி, மர நிழல் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

தண்ணி

ஊட்டிக்கு பார்சன்ஸ் வேலி, குன்னூருக்கு ரேலியா அணை. அங்க தண்ணி இறங்கினா வீட்டுக்கு சப்ளை வர்ற இடைவெளி நீளும்.

பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டர் எடுத்தா, நாளைக்கு 20 தடவைக்கு 200 லிட்டர். 3/6 லிட்டர் டூயல் ஃப்ளஷ் மாத்தினா 80 லிட்டர் பக்கம் வந்துடும். ரெண்டு மாசத்துல 7,000 லிட்டர் மிச்சம். வருஷத்துல எத்தனை லாரி குறையும்னு நீங்களே போட்டுப் பாருங்க.

மழைத்தண்ணி: 100 சதுர மீட்டர் கூரையில 10 மி.மீ. மழை பெஞ்சா 1,000 லிட்டர். சிந்தறது போக 800 பிடிக்கலாம். ஆனா சரிவுல இருக்கற வீட்டுல, தடுப்புச் சுவர் பக்கத்துல குழி தோண்டி தண்ணியை மண்ணுக்குள்ள இறக்காதீங்க. 2009 நவம்பர் மண்சரிவுல இந்த மாவட்டத்துல 40 பேருக்கு மேல இறந்தாங்க. அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 800 மி.மீ.க்கு மேல பெஞ்சது. மலையில தொட்டியில சேமிங்க, வழியற தண்ணியை பைப் போட்டு வடிகாலுக்கு விடுங்க.

லோன் எடுக்கலாமா?

ரெண்டு ரூம் சீலிங்குக்கு 30,000 ரூபாய் கொட்டேஷன் வருதுன்னு வெச்சுக்கோங்க. வருஷத்துல மூணு குளிர் பில்னா மிச்சம் சுமார் 4,500. போட்ட காசு திரும்ப ஆறேழு வருஷம். இதையே 14 சதவீத பெர்சனல் லோன்ல செஞ்சா முதல் வருஷ வட்டியே 4,000 பக்கம் வரும். மிச்சம் முழுக்க பேங்குக்குப் போயிடும். அதே 30,000 எஃப்டியில 7 சதவீதத்துல இருந்தா வருஷம் 2,100 தான். அதனால கையில இருக்கற காசுல செஞ்சா லாபம், கடன்ல செஞ்சா பேங்குக்கு லாபம்.

மாசம் 3,000 தனியா ஒதுக்குங்க. முதல் மாசம் இடுக்கு, அடுத்து ஃப்ளஷ், பத்து மாசம் சேர்ந்ததும் சீலிங். சோலார் கடைசி. கூரையை மாத்தறது, புதுசா சுவர் எழுப்பறதுன்னா உள்ளாட்சி அனுமதி கேட்டுட்டு இறங்குங்க, மலைப்பகுதியில விதிகள் கடுமை.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. வீட்டுக்கு போன் பண்ணி கடைசி ஆறு பில்லோட யூனிட்டைக் கேட்டு எழுதுங்க. எந்த பில் 500-ஐத் தாண்டுதோ, உங்க காசு அங்கதான் ஒழுகுது.