உடனுறையும் துணை

போதையைக் கைவிட்ட பெண்ணுக்குச் சிகிச்சை முடிந்து வெளியேறும் நாளிலேதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. உடல் தெளிந்திருக்கும், பழைய துயரங்களோ அப்படியே காத்திருக்கும். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே அவள் சிலகாலம் தங்கித் தேறுவதற்கென அமைந்தவையே பெண்களுக்கான மறுவாழ்வு இல்லங்கள்.

இவற்றின் அடிப்படை எளியது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரிலே, குடியை விட்ட வில்சன் என்பவர், குடியில் தத்தளித்த ஸ்மித் என்னும் மருத்துவரைச் சந்தித்தார். மீண்டவரின் பேச்சு மீள விரும்புபவருக்கு மருந்தாயிற்று.

அத்தகைய இல்லத்தில் உடனுறையும் வழிகாட்டி பெரும்பாலும் அவ்வழியைக் கடந்தவளே. அவள் காவலாளி அல்லள். உடனுண்டு, உடன் வேலைசெய்து, விதிகளுக்குத் தானும் கட்டுப்படுகிறாள். நள்ளிரவில் வேட்கை அலைபோல் எழும்போது, அது தணியும்வரை அருகே அமர்ந்திருக்கிறாள். கேட்ட இரகசியத்தைக் காக்கிறாள். உயிருக்கு ஆபத்தெனில் மறைக்காது மருத்துவரை நாடுகிறாள். தனக்கும் ஓய்வு வேண்டும் என்பதை அவள் மறத்தலாகாது. களைத்தவள் பிறரைத் தாங்க இயலாது.

கல்முனைக் கரையோர முஸ்லிம் ஊர்களுக்கு இக்கருத்து அந்நியமன்று. அங்கே வீடு மகளுக்குச் சீதனமாகிறது; மணமகன் பெண்வீடு வருகிறான்; உம்மாவும் ராத்தாவும் அண்டையிலே வாழ்கின்றனர். பிரசவத்திலும் இத்தாவிலும் பெண்ணுக்குப் பெண்ணே துணை. போதை என்னும் நோயிலே மட்டும் வெட்கத்தால் அவளைத் தனியே விட்டுவிடலாமா? மறைத்த நோய் வளரும். துணை பெற்ற நோயாளி தேறுவாள்.