உங்களுக்குத் தெரியுமா? அடையாற்றங்கரையில் ஓர் அப்போஸ்தலர்

ஊரூர் ஒல்காட் குப்பத்து மணலில் நின்று வடக்கே பார்த்தால் அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம். அதைத் தாண்டினால் சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம், அதற்கும் அப்பால் சாந்தோம். அதே ஆற்றைப் பிடித்து மேற்கே போனால் சைதாப்பேட்டையை ஒட்டிச் சின்னமலை, இன்னும் போனால் பரங்கிமலை. இயேசுவின் பன்னிரு சீடர்களில் ஒருவரான புனித தோமையார் செபித்த, உயிர்விட்ட, அடக்கம் செய்யப்பட்ட இடங்களாகத் தலைமுறை தலைமுறையாகப் போற்றப்படும் மூன்று தலங்களும் இந்த ஆற்றுக்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கின்றன. உலகெங்கும் போய் நற்செய்தி சொல்லச் சொன்ன இயேசுவின் கட்டளை நம்ம ஊர் வரை வந்து சேர்ந்த கதையிலிருந்து சில துளிகள்.

● படகில் தோமையாரும் இருந்தார்
பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நால்வரும் மீனவர்கள் என்பது பலருக்கும் தெரியும். தோமையாரும் ஒரு ராத்திரி கடலுக்குப் போனார் என்பது தெரியுமா? இயேசு உயிர்த்தெழுந்த பிறகு திபேரியாக் கடலில் மீன்பிடிக்கப் போன ஏழு பேரை யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. அதில் பேதுருவுக்கு அடுத்து வரும் பெயர் தோமையாருடையது. விடிய விடிய வலை வீசியும் மீன்பாடு இல்லை. விடிந்ததும் கரையில் நின்ற ஒருவர் படகுக்கு வலப்பக்கம் வலையைப் போடச் சொல்கிறார். போட்டால் இழுக்க முடியவில்லை. எண்ணிப் பார்த்தால் 153 பெரிய மீன்கள். வலையும் கிழியவில்லை. கரையிலோ கரிநெருப்பில் மீனும் அப்பமும் தயார். சாப்பிட வரும்படி கூப்பிட்டவர் இயேசு.

வெறும் வலையோடு திரும்பும் காலை எப்படி இருக்கும் என்று ஒல்காட் குப்பத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். டீசல் காசும் போய், ராத்திரித் தூக்கமும் போய், கையில் ஒன்றும் இல்லாமல் கரையேறும் காலை அது. அப்படி வந்தவர்களுக்கு இயேசு முதலில் வயிற்றுக்குப் போட்டார். தம் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பைப் பேதுருவிடம் ஒப்படைத்தது அதற்குப் பிறகுதான்.

● சந்தேகத்துக்கு முன்பே ஒரு துணிச்சல்
காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றதால் தோமையாருக்குச் ‘சந்தேகத் தோமா’ என்று பெயர் நின்றுவிட்டது. ஆனால் அதே யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் அஞ்சியபோது, இயேசுவோடு போய் நாமும் சாவோம் என்று முன்வந்தவர் இவர்தான்.

● போகமாட்டேன் என்றார்
‘தோமாவின் பணிகள்’ என்பது 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட நூல். பைபிளில் சேராதது. சீடர்கள் உலகத்தைப் பங்கிட்டுச் சீட்டுப் போட்டபோது தோமையாருக்கு இந்தியா விழுந்ததாம். உடம்பில் பலமில்லை, எபிரேயனான நான் இந்தியர்களிடம் எப்படிப் பேசுவேன் என்று அவர் மறுத்துவிட்டாராம். கடைசியில் இயேசுவே அவரை ஒரு வணிகரிடம் அடிமையாக விற்று, தச்சராகவும் கட்டட வேலைக்காரராகவும் கப்பலேற்றியதாகக் கதை போகிறது.

● கட்டாத அரண்மனை
அந்த வணிகர் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கொந்தபாரஸ் என்ற மன்னனிடம். அரண்மனை கட்டச் சொல்லிப் பணம் கொடுத்தான் மன்னன். தோமையாரோ வந்த காசையெல்லாம் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுத்துத் தீர்த்தார். அரண்மனை எங்கே என்று கேட்டபோது, அது வானத்தில் எழும்பியிருக்கிறது, இந்த வாழ்வு முடிந்த பிறகு பார்ப்பீர்கள் என்றாராம். மன்னன் அவரைச் சிறையில் தள்ளினான். இறந்துபோன மன்னனின் தம்பி உயிரோடு எழுந்து, மேலே அந்த மாளிகையைக் கண்டேன் என்று சொன்ன பிறகே மன்னன் மனம் மாறியதாகக் கதை. கட்டடக் கலைஞர்கள் தோமையாரைப் பாதுகாவலராகக் கொண்டாடுவதற்கு இந்தக் கதையே வேர்.

● நாணயம் சொன்ன சாட்சி
கொந்தபாரஸ் வெறும் கற்பனை என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானிலும் வடமேற்கு இந்தியாவிலும் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. பாகிஸ்தானின் தக்த்-இ-பாகியில் கிடைத்த கல்வெட்டும் அவனை முதல் நூற்றாண்டு மன்னன் என்று உறுதிப்படுத்தியது. தோமையார் வந்தார் என்பதற்கு இது நேரடிச் சான்று ஆகாது. அவருடைய வருகையைப் பற்றி வரலாற்று ஆசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

● 40 நாளில் முசிறி
பருவக்காற்று சரியாக அடித்தால் செங்கடல் வாயிலிலிருந்து 40 நாளில் முசிறித் துறைமுகத்தை அடையலாம் என்று முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். மிளகு வாங்க வந்த கப்பல்களின் பாதை அது. தோமையார் கி.பி. 52இல் அந்த முசிறிப் பக்கம், இன்றைய கொடுங்கல்லூர் அருகே, கரையிறங்கினார் என்பது கேரளக் கிறிஸ்தவர்களின் மரபு. கி.பி. 72இல் மயிலாப்பூர்ப் பகுதியில் உயிர்த்தியாகம் செய்தார் என்பதும் அதே மரபுதான்.

● ஏழரைப் பள்ளியில் அந்த அரை நம்முடையது
கேரளத்தில் தோமையார் ஏழு ஆலயங்களை நிறுவியதாகச் சொல்வார்கள். அவற்றோடு ‘அரைப்பள்ளி’ என்று சேர்த்துச் சொல்லப்படுவது தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கோட்டில் இருக்கிறது.

● சின்னமலைக் குகை
துரத்தி வந்தவர்களிடமிருந்து தோமையார் ஒளிந்திருந்ததாக நம்பப்படும் குகை சைதாப்பேட்டை அருகே சின்னமலையில் இருக்கிறது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அங்கே போர்த்துகீசியர் கோயில் எழுப்பியது 1551இல். அருகிலேயே ஓர் ஊற்று; வருகிறவர்கள் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

● கல்லில் ஒரு புறா
தோமையார் உயிர்விட்ட இடமாகப் போற்றப்படும் பரங்கிமலையின் உச்சியில் 1547இல் அஸ்திவாரம் தோண்டியபோது கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று கிடைத்தது. கிட்டே போய்ப் பார்த்தால் மேலே சிலுவையை நோக்கி இறங்கும் புறா, கீழே தாமரை இதழ்கள், இரண்டு பக்கமும் தூண்கள், வளைவைச் சுற்றி எழுத்துகள் என எல்லாம் தெளிவாகத் தெரியும். அந்த எழுத்து பழைய பாரசீக நாட்டில் வழங்கிய பகலவி. அறிஞர்கள் இதைச் சுமார் 7, 8ஆம் நூற்றாண்டுக்குரியது என்கிறார்கள். கோட்டயத்திலும் இதே வகைச் சிலுவை உண்டு. போர்த்துகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தக் கரையில் கிறிஸ்தவர்கள் செபித்து வந்தார்கள் என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சி வேண்டுமா?

● படிக்கட்டும் பாலமும்
பரங்கிமலை ஏறும் கற்படிகளைக் கட்டித் தந்தவர் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பக்தர்கள் மலைக்குப் போகும் வழியில் அடையாற்றைக் கடக்கச் சிரமப்படுவதைப் பார்த்து, 1726இல் சைதாப்பேட்டையில் பாலமும் கட்டினார். மர்மலாங் பாலம் என்று பெயர் பெற்ற அது இருந்த இடத்தில்தான் இன்றைய மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. மலைக்குப் போகாதவர்களும் அந்தப் பக்திச் செலவின் பலனை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அனுபவித்தார்கள்.

● மண்ணே மருந்து
13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரை வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ தோமையாரின் கல்லறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களோடு இஸ்லாமியரும் அங்கே யாத்திரை வந்ததாகச் சொல்கிறார். அந்த இடத்து மண்ணை எடுத்துப்போய்க் காய்ச்சல்காரர்களுக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்களாம். கல்லறை மண்ணைப் பக்தியோடு கொண்டுபோகும் வழக்கம் சாந்தோமில் இன்றும் அற்றுப்போகவில்லை.

● இங்கிலாந்து மன்னரின் காணிக்கை
இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டை ஆண்ட ஆல்பிரட் மன்னர், இந்தியாவில் உள்ள புனித தோமையாருக்குக் காணிக்கை கொடுத்தனுப்பினார் என்று ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்பு 883ஆம் ஆண்டின் கீழ் சொல்கிறது.

● கல்லறை இங்கே, திருப்பண்டங்கள் அங்கே
தோமையாரின் எலும்புகள் பழங்காலத்திலேயே எதேசாவுக்கும், பிறகு கியோஸ் தீவுக்கும் போய், 1258இல் இத்தாலியின் ஒர்தோனா நகரைச் சேர்ந்தன என்பது மரபு. கல்லறை இருந்த இடத்தில் போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் ஆலயம் எழுப்பினார்கள். இன்று நாம் காணும் கூர்கோபுர சாந்தோம் ஆலயம் 1896இல் திறக்கப்பட்டது. 1956இல் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் வந்து இங்கே செபித்தார்.

● தோமையார் கம்பம்
சாந்தோம் ஆலயத்துக்குப் பின்னால் கடலைப் பார்த்து ஒரு மரக்கம்பம் நிற்கிறது. யானைகளாலும் அசைக்க முடியாமல் கிடந்த ஒரு பெரிய மரத்தைத் தோமையார் தனியாளாக இழுத்தார் என்ற கதை போர்த்துகீசியக் கவி கமோய்ன்ஸ் 1572இல் வெளியிட்ட ‘லூசியாடஸ்’ காவியத்திலேயே வருகிறது. கம்பத்தைத் தாண்டிக் கடல் வராது என்பது ஊர் நம்பிக்கை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தப் பேச்சு எங்கும் பரவியது. அன்று தெற்கே சீனிவாசபுரத்தில் உயிர்களும் வீடுகளும் போயின. கம்பத்தின் பெருமையைச் சொல்கிறவர்கள் அந்தக் குடும்பங்களையும் சேர்த்து நினைக்க வேண்டும். ஏழைகளுக்காக அரண்மனைப் பணத்தையே செலவழித்தவரின் பெயரால் சொல்லப்படும் கதை இது.

● சவேரியார் முடிவெடுத்த இடம்
முத்துக்குளித்துறையின் பரதவர்களிடையே தமிழில் செபங்களைச் சொல்லிக்கொடுத்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1545இல் சாந்தோமில் சுமார் நான்கு மாதம் தங்கினார். அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் தோமையார் கல்லறையருகே செபித்துக் காத்திருந்தார். அங்கிருந்து மலாக்காவுக்குக் கப்பலேறினார். 1549இல் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். கிழக்காசியாவுக்கு அவர் போன பயணம் நம்ம மயிலாப்பூர்க் கரையில் தொடங்கியது.

● போதிக்க வந்தவர்கள் மாணவர்களானார்கள்
தமிழில் அச்சான முதல் நூல் 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் வெளிவந்த செபநூல். அதை உருவாக்கியதில் அங்கிருந்த தமிழர் மூவருக்குப் பங்குண்டு. தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வந்தது. அதைத் தந்த அண்டிரிக் அடிகளார் பரதவர் நடுவே இருந்து தமிழ் கற்றவர். 1706இல் தரங்கம்பாடி வந்த மிஷனரி சீகன்பால்க் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715க்குள் அச்சேறிவிட்டது.

● தமிழர் எடுத்துச் சென்ற நற்செய்தி
திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி. எஸ். அசரியா, 1903இல் இந்திய மிஷனரி சங்கம் தோன்றக் காரணமாக இருந்தார். தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்குப் போய், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளிடம் அவர் கேட்டது நட்பை. உங்கள் தியாகம் பெரிது, எங்களைச் சமமாக நடத்துங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம்.

● கதீட்ரல் ரோட்டில் நடந்த புதுமை
பேராயர்கள் அப்போஸ்தலர் வழி தொடர்கிறவர்கள் என்ற மரபைக் காத்த ஆங்கிலிக்கன் சபையும், பேராயர் முறையே இல்லாத சபைகளும் ஒன்றாக இணைந்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது. அப்படிப்பட்ட இணைப்பு உலகத்துக்கே முன்னோடி.

● இரண்டு தபால்தலைகள்
இந்திய அரசு தோமையாருக்கு 1964இலும் 1973இலும் தபால்தலை வெளியிட்டது. முதலாவது போப் ஆறாம் பவுலின் இந்திய வருகையை ஒட்டி; இரண்டாவதில் பரங்கிமலைச் சிலுவை.

● குப்பத்துக்குப் பெயர் தந்தவர்
கர்னல் ஹென்றி ஒல்காட் பிரஸ்பிடேரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கர். 1880இல் இலங்கையின் காலியில் பௌத்தம் தழுவியவர். பிரம்மஞான சபையை அடையாற்றுக்குக் கொண்டுவந்ததோடு, ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்காக 1894இல் இலவசப் பள்ளியும் தொடங்கினார். சமயம் மாறினாலும் ஏழைப் பிள்ளைக்குச் சிலேட்டு கொடுக்கும் கை ஒன்றுதான்.

● எல்லையம்மனும் வேளாங்கண்ணி மாதாவும்
குப்பத்தில் எல்லையம்மன் கோயில். சற்றுத் தெற்கே 1972இல் எழுந்த பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 திருவிழா வரை, காவி உடுத்தி நகரின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் நடந்தே வருகிறார்கள். இந்துக்களும் அதில் ஏராளம்.

● உண்மையான அப்போஸ்தலர் யார்?
‘பன்னிரு அப்போஸ்தலரின் போதனை’ என்ற மிகப் பழைய கிறிஸ்தவக் கையேட்டின் ஏட்டுப்படி 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் கிடைத்து, 1883இல் வெளியானது. ஊர் ஊராகப் போகும் அப்போஸ்தலருக்கு அது விதிக்கும் கட்டுப்பாடு கறாரானது. ஒரு வீட்டில் ஒரு நாள், தேவைப்பட்டால் மறுநாளும் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் போலி. கிளம்பும்போது அடுத்த இடம் போய்ச் சேரும் வரைக்கான அப்பம் மட்டும் வாங்கலாம். பணம் கேட்டால் அவனும் போலி. நற்செய்தி சொல்லப் புறப்படும் எவரும், அவர் எந்தச் சபையாக இருந்தாலும், தன்னை அளந்து பார்க்க வேண்டிய அளவுகோல் இதுதான். போகிற ஊரின் மொழியைக் கற்பது, அந்த மக்களின் பசியை முதலில் பார்ப்பது, தனக்கென்று ஒன்றும் சேர்க்காமல் வருவது. இந்த மூன்றும் இருக்கும் இடத்தில்தான் தோமையாரின் மரபு உயிரோடு இருக்கிறது.